செனட்டரம்மா தொடாத ரோல்

காப்பி கொஞ்சம் நீர்த்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் அயோவாவில் கோப்பையின் அடி தெரிந்தால்தான் அது காப்பி. மேற்குக் கடற்கரையிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் ஒரு மடக்குக் குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பார்கள். உங்கள் செனட்டரம்மா சுளிக்கவில்லை. இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கிக் குடித்தார். நல்ல மனுஷி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அவர்மேல் ஏதோ காழ்ப்பு என்று நினைத்துக்கொண்டு நீங்கள் ஆரிகனில் இருக்கும் அவருடைய அலுவலகத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது. ரோசலின் டாகெட் ஜனாதிபதி தேர்தலில் நிற்க வேண்டும் என்று இந்த நாட்டில் என்னைவிட அதிகம் தொண்டை கிழியக் கத்தியவன் எவனும் இல்லை. 'டாகெட் நிற்கட்டும் கமிட்டி'யின் தலைவன் நான். ஆரம்பித்தவனும் நான்தான்.

அன்றைக்கு விருந்தில் அவரை அப்படிப் பேசச் சொல்லிக்கொடுத்தது யார் என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன். எடுத்த எடுப்பில் சொன்னால் உங்களுக்குத் தப்பாகப் படும். வரிசையாகக் கேட்டால் நியாயம் புரியும்.

நான் பயிர்க் காப்பீட்டில் வேலை பார்த்தவன். ஆலங்கட்டி மழை மக்காச்சோளத்தை அடித்துப் போட்டால் போய்ப் பார்த்து நஷ்டத்தை மதிப்பிட வேண்டும். அந்த வேலையில் முதல் பாடம், அன்றைக்கே மதிப்பிடக் கூடாது. பயிர் செத்துவிட்டதா, பிழைத்துத் துளிர்க்குமா என்று தெரியப் பத்து நாளாவது பொறுக்க வேண்டும். விவசாயி வயிற்றெரிச்சலில் திட்டுவான். நான் தொப்பியைக் கழற்றிக்கொண்டு "பாப்போம்" என்பேன். ஒரு ஆயுசு முழுக்க "பாப்போம்" என்று சொல்லியே சம்பளம் வாங்கியவன் நான். பொறுமை எனக்கு ரத்தத்தில் ஊறியது.

வீட்டில் அந்தப் பொறுமை கொஞ்சம் அதிகமாகவே போய்விட்டது. பிள்ளைகள் மினியாபொலிஸ் போன பிறகு எனக்கும் மார்லிஸுக்கும் பேச விஷயமே இல்லை. சண்டை இல்லை, மரியாதைக்கும் குறைவில்லை. ஆனால் சாப்பாட்டு மேஜையில் "உப்பு" என்பேன், "ம்" என்பாள். அவ்வளவுதான் அன்றைய பேச்சு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அந்த "ம்" நாள் முழுக்கக் காதில் விழாமலே போயிற்று. ஒரு குளிர்காலம் முழுவதும் எங்கள் வீட்டில் அதிகம் பேசியது ஃப்ரிட்ஜ்தான்.

அப்போதுதான் ஒரு நாள் டிவியில் உங்கள் அம்மா வந்தார். ஒரு பெரிய வங்கியின் தலைவரை எதிரே உட்காரவைத்து, பள்ளிக்கூடத்துப் பையனைக் கேட்பது போலக் கேள்வி கேட்டு வாட்டி எடுத்தார். மார்லிஸ் சிரித்தாள். தோள் குலுங்கச் சிரித்தாள். நான் அந்தச் சிரிப்பை மறந்தே போயிருந்தேன். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "இந்தம்மா ஜனாதிபதிக்கு நிக்கலாம்" என்றேன்.

"நிக்கவே கூடாது" என்றாள் மார்லிஸ்.

"ஏன் கூடாது?"

"செனட்ல இருந்தாத்தான் இப்படி வாய்விட்டுத் திட்ட முடியும். ஜனாதிபதி ஆயிட்டா, அதே பேங்க்காரன விருந்துக்குக் கூப்பிட்டு பக்கத்துல உக்கார வெச்சுக்கணும். ஒரு நல்ல வாய வீணாக்கணுமா?"

எனக்கு அவள் சொன்னது சரியென்றே பட்டது. ஆனால் சரி என்று சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அதனால் "நீ சொல்றது தப்பு" என்றேன். ஐஸ்கிரீம் கிண்ணத்தில் தண்ணீராக உருகும்வரை பேசினோம்.

மறு வாரமே கமிட்டி ஆரம்பித்தேன். வியாழக்கிழமை தோறும் எங்கள் கூடத்தில் கூட்டம். பன்றிப் பண்ணை வைத்திருக்கும் பக்கத்து நிலத்து ஆரின் பிராண்ட்வோல்ட் எதிர்க்கட்சி. அவர் கமிட்டியில் சேர்ந்ததே எதிர்த்துப் பேசத்தான். "யோவ் வெர்லின், அந்தம்மா நின்னா நம்ம ஓட்டு ரெண்டாப் பிரியும்யா. தோத்துட்டா செனட்லயும் மூஞ்சி போயிடும்" என்பார். மார்லிஸ் அவருக்குப் பதில் சொல்வாள். நான் மார்லிஸுக்குப் பதில் சொல்வேன். எல்லோரும் போன பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டே நாங்கள் தொடர்வோம். அந்த மூன்று வருஷம் போல என் கல்யாண வாழ்க்கையில் வேறு எதுவும் கிடையாது. உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? சரி, சரி, நான் கேட்கக் கூடாதுதான்.

நடுவில் ஒரு சிக்கல் வந்தது. மார்லிஸுக்குச் சர்க்கரை நோய். இன்சுலின் விற்கிற விலையில், ஊசியைக் கொஞ்சம் குறைத்துக் குறைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை, அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். உங்கள் அம்மா ஒரு நாள் டிவியில், மருந்து கம்பெனிக்காரர்களின் கழுத்தில் துண்டைப் போட்டு இன்சுலின் விலையை இறக்கப்போவதாகச் சொன்னார். வெறும் பேச்சாக இல்லை, எப்படிச் செய்வது என்று புட்டுப் புட்டு வைத்தார். மார்லிஸ் எழுந்து நின்றே கேட்டாள்.

"நிக்கட்டும் வெர்லின். நீ சொன்னதுதான் சரி. இவ நின்னே ஆகணும்" என்றாள்.

நான் ஜெயித்துவிட்டேன். அன்று ராத்திரி பாத்திரம் கழுவும்போது பேச ஒன்றுமே இல்லை. மறுநாள் காலையில் நான், டாகெட் நிற்கட்டும் கமிட்டியின் தலைவன், என் மனைவியிடம் டாகெட் ஏன் நிற்கக் கூடாது என்று வாதாட ஆரம்பித்தேன். அவள் சொன்ன பழைய காரணங்களையே தூசி தட்டி எடுத்து அவளுக்கே சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் பேசினாள். வெளியே கூட்டத்தில் "நிற்கட்டும்", உள்ளே சமையலறையில் "வேண்டாம்". இரண்டையும் மனசாரத்தான் செய்தேன். எந்தப் பக்கம் ஜெயிக்கிறது என்பது எனக்கு முக்கியமில்லை. இரண்டு பக்கமும் இருந்துகொண்டே இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்திருக்காது. உங்கள் அம்மாதான் கெடுத்தார்.

இங்கே வருகிறேன் என்று சொல்லியனுப்பினார். நாட்டிலேயே முதலில் கூடி வேட்பாளரைப் பொறுக்குகிறவர்கள் நாங்கள் என்பதால், நிற்க ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் எங்கள் சர்ச்சின் அடித்தளத்து மண்டபத்தில் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். கமிட்டித் தலைவன் என்ற முறையில் விமான நிலையத்துக்கு நான் கார் எடுத்துக்கொண்டு போனேன். உங்கள் ஆட்கள் பின்னால் வேனில் வந்தார்கள். அவர் முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றிவிட்டு, ஹீட்டரில் காலைக் காட்டிக்கொண்டார்.

"வெர்லின், மூணு வருஷமா லெட்டர் போட்டுக் கேட்டுக்கிட்டே இருந்தீங்க. என் வீட்டுக்காரர்கூட என்கிட்ட இவ்ளோ கெஞ்சினதில்ல. முடிவு பண்ணிட்டேன். இன்னிக்கு சாப்பாடு முடிஞ்சதும் எல்லார் முன்னாலயும் சொல்லிடப் போறேன்" என்றார்.

எனக்கு ஸ்டியரிங் வழுக்கியது. "ரொம்ப சந்தோஷம்மா" என்றேன்.

"இனிமே நீங்க நிம்மதியா இருங்க. உங்க கமிட்டி வேல முடிஞ்சுது. எங்காளுங்க வந்து எல்லாத்தையும் பாத்துப்பாங்க."

கல்யாணம் முடிந்தால் பந்தலைப் பிரிப்பதுதான் வழக்கம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எனக்குக் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் வியாழக்கிழமை மாலையும், காலியான கூடமும், "உப்பு" என்று நான் சொல்வதும்தான். அப்போது பார்த்து அவரே கேட்டார். நானாக எதுவும் ஆரம்பிக்கவில்லை, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"சாப்பாட்டுல நான் பாத்து நடந்துக்க வேண்டியது ஏதாச்சும் உண்டா? வெளியூர்க்காரி, அசிங்கப்பட்டுடக் கூடாது."

உங்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். எங்கள் ஊர் விருந்து என்றால் மாட்டுக்கறியும் பீன்ஸும் போட்ட சில்லிக் குழம்பு, அதற்குத் தொட்டுக்கொள்ளச் சினமன் ரோல். ஆமாம், பட்டைத்தூளும் சர்க்கரையும் வைத்துச் சுருட்டி மேலே வெள்ளைப் பாகு ஊற்றினது. அதைப் பிய்த்துக் காரக்குழம்பில் தோய்த்துச் சாப்பிடுவோம். பள்ளிக்கூட மதிய உணவில் எங்களுக்கெல்லாம் அப்படித்தான் போட்டார்கள். வெளியூரில் சொன்னால் சிரிப்பார்கள். எங்களுக்கு அது தாய்ப்பால் மாதிரி.

"ஒண்ணே ஒண்ணும்மா" என்றேன். "சில்லியோட ஒரு சினமன் ரோல் கொண்டாந்து வெப்பாங்க. அது வெளியூர்க்காரங்கள வெச்சுப் பண்ற கேலி. தெரியாம அதத் தோச்சுத் தின்னுட்டீங்கன்னா ஊரே விழுந்து விழுந்து சிரிக்கும். தட்ட நகத்தி வெச்சுட்டு, உங்க பாணியில ஒரு போடு போடுங்க. அசந்துடுவாங்க."

"ஐயோ, நல்ல வேள சொன்னீங்க" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். நம்பிக்கையான மனுஷி. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி குறுக்கே நிற்பான் என்பார்கள். பூசாரியின் கஷ்டத்தை யார் கேட்டார்கள்?

மண்டபத்தில் ஊரே இருந்தது. டிவிக்காரர்கள் நாலு பக்கமும் கேமராவோடு நின்றார்கள். ரோல் அத்தனையும் மார்லிஸ் சுட்டது. விடியற்காலையிலிருந்து மாவு பிசைந்தாள், அவள் நோய்க்கு அதில் ஒரு துண்டுகூட வாயில் வைக்கக் கூடாது. புது உடுப்பு போட்டுக்கொண்டு, தட்டை அவளே எடுத்து வந்து உங்கள் அம்மாவின் முன்னால் வைத்தாள்.

உங்கள் அம்மா ரோலைப் பார்த்தார். மண்டபத்தைப் பார்த்தார். தட்டை ஒரு விரலால் நகர்த்தினார். "என் காதுல பூ சுத்தப் பாக்குறீங்களா? குழம்போட இத எந்த மனுஷனாவது திம்பானா?" என்றார். கூடவே கண்ணடித்தார். அந்தக் கண்ணடிப்பு அவராகச் சேர்த்துக்கொண்டது, அதற்கு நான் பொறுப்பில்லை.

மண்டபத்தில் எல்லோர் கையிலும் பாதி தோய்த்த ரோல் இருந்தது. ஆரின்தான் வாயைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நாங்கல்லாம் என்னம்மா, பன்னியா?" என்றார். பன்றி வளர்க்கிறவர் கேட்டதால் அது இன்னும் பெரிதாகப் போய்விட்டது. உங்கள் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் காப்பிக்குச் சர்க்கரை தேடிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவர் சொல்ல வந்ததைச் சொல்லவே இல்லை.

வெறும் வாயை மென்றுகொண்டிருந்த டிவிக்காரர்களுக்கு அவல் கிடைத்தது. நாள் முழுக்க அந்த விரலையும் அந்தத் தட்டையும் காட்டினார்கள். அவருக்குப் போட்டியாக நிற்க இருந்த கவர்னர் ஒருவர் கேமரா முன்னால் மூன்று ரோலைக் குழம்பில் தோய்த்துத் தின்று, மீசையில் ஒட்டிய பாகைத் துடைக்காமலே பேட்டி கொடுத்தார். உங்கள் அலுவலகத்திலிருந்து 'செனட்டர் எல்லா வகை ரோல்களையும் மதிக்கிறார்' என்று ஓர் அறிக்கை வந்தது. எரிகிற நெருப்பில் எண்ணெய் அது. நீங்கள் எழுதியதா? இல்லை, சும்மா கேட்டேன். ஒரு மாதம் கழித்து, தான் நிற்கப்போவதில்லை என்று அம்மா சொல்லிவிட்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். என் பெயரை அவர் எந்த இடத்திலும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பழி முழுக்க என் தலையில் விழுந்திருக்கும். அப்படிப்பட்ட பெரிய மனசுக்காரர்தான் இந்த நாட்டுக்கு ஜனாதிபதியாக வர வேண்டும். நான் அன்றும் அதைத்தான் சொன்னேன், இன்றும் அதைத்தான் சொல்கிறேன்.

அந்தச் செய்தி வந்த அன்று மார்லிஸ் டிவியை அணைத்தாள். அடுத்த தேர்தலில் நிற்பாரா மாட்டாரா என்று ஆரம்பிக்கலாம் என நான் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தேன்.

"ஏர்போர்ட்லருந்து வர்ற வழியில அந்தம்மாகிட்ட என்ன சொன்ன?" என்றாள்.

"பனியப் பத்தி."

"ரோலப் பத்தி?"

முப்பது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்தவளிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? எல்லாவற்றையும் சொன்னேன், இப்போது உங்களுக்குச் சொன்னது போலவே. "நாம ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருக்கணும்னுதான் மார்லிஸ்" என்றேன்.

அவள் ரிமோட்டை மேஜையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. "என்கிட்ட பேசணும்னா பேசியிருக்கலாமே, வெர்லின்" என்றாள்.

"எதப் பத்தி?" என்று கேட்டேன். நியாயமான கேள்விதானே? அவள் எழுந்து படுக்கப் போய்விட்டாள்.

காலையில் ஃப்ரிட்ஜிலிருந்து இன்சுலினை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, சீடர் ஃபால்ஸில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். கோபம் என்று நினைக்கிறீர்களா? களைப்புதான். மூன்று வருஷம் ஓயாத அரசியல் என்றால் யாருக்குத்தான் களைக்காது.

நீங்கள் கேட்டதற்குப் பதில், ஆமாம், நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்தும் போட்டுத் தருகிறேன். ஆனால் முழுக்க நஷ்டம் என்று இப்போதே மதிப்பிட்டுவிடாதீர்கள். வியாழக்கிழமை தோறும் சீடர் ஃபால்ஸுக்கு போன் போட்டு, மார்லிஸ் வருவாளா என்று கேட்கிறேன். அக்காதான் எடுக்கிறாள். போன வாரமும், "அவ இன்னும் ஒரு முடிவுக்கு வரல, வெர்லின்" என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு எவ்வளவு தெம்பாக இருந்தது தெரியுமா? அவசரமே இல்லை, நிதானமாக யோசிக்கட்டும் என்று சொல்லிவிட்டு வைத்தேன். அடுத்த வியாழனும் கேட்பதற்கு ஏதாவது வேண்டும் அல்லவா.