தங்கையின் படத்துக்கு வெள்ளையடித்தது குறித்து

நான் பேருந்துப் பணிமனைக்குப் பின்புறமுள்ள குடியிருப்பில், இரண்டாவது மாடியில் என் மனைவியுடன் வசித்து வருகிறேன். வயது ஐம்பத்தொன்பது. பள்ளியில் முப்பத்தொரு ஆண்டுகள் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். தெருவில் என்னை டிராயிங் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். புகாரில் சொல்லப்படும் ஓவியர் என் உடன்பிறந்த தங்கை.

சிறுவயதில், வரைகிற கை எனக்குத்தான் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். ஆளை உட்காரவைத்து அரை மணி நேரத்தில் அப்படியே வரைந்துவிடுவேன். தங்கைக்கு ஒரு டம்ளர்கூட வரைய வராது. அவள் சாயப்பட்டறையில் நிறம் கலக்கும் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தாள். நாற்பது வயதுக்கு மேல்தான் படம் போட ஆரம்பித்தாள். அவள் படங்களில் ஆளோ மரமோ இருக்காது. ஒரு நிறத்தைத் தண்ணீராகப் பூசி, காயவிட்டு, அதன்மேல் இன்னொன்று பூசி, இப்படி இருபது முப்பது தடவை ஆன பிறகு, ஈரத்துணியால் அங்கங்கே துடைத்து அடியில் கிடப்பதை மேலே வரவழைப்பாள். "இது என்ன படம்?" என்று நான் கேட்டதற்கு, "தெரியலண்ணே, வந்ததும் சொல்றேன்" என்றாள். அதைச் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அதன் பிறகு அவள் படங்கள் வெளியூர்களுக்குப் போயின. பத்திரிகையில் அவள் முகம் வந்தது. என் மனைவி அதைக் கத்தரித்து அலமாரிக் கதவில் ஒட்டினாள். அது சுவர்ப் பக்கம் போகும்படி கதவை முழுக்கத் திறந்து வைப்பது என் வழக்கமாயிற்று. அதன் பிறகு, மனைவி வீட்டில் இல்லாத நேரங்களில், பதினோரு மாதம் தங்கையின் முறையிலேயே போட்டுப் பார்த்தேன். எல்லாம் சேறாகத்தான் வந்தது. அவற்றைச் சுருட்டிக் குப்பை வண்டியில் நானே போட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு, அவள் கேட்டுக்கொண்டதால், அவளுடைய வேலைக்கூடத்தில் மரச்சட்டங்களில் துணி இழுத்து அடித்துக் கொடுத்துவந்தேன். சாவி ஒன்று என்னிடமும் இருந்தது. கடந்த திங்கட்கிழமை, அவள் படங்களுக்குக் கண்காட்சி நடத்துகிறவர் இருவரை அழைத்துக்கொண்டு வந்தார். தங்கை என்னைக் காட்டி, "எங்க அண்ணன். நான் முதல்ல பாத்த ஓவியரு இவருதான்" என்றாள். அவர் என்னைப் பார்த்து, "சார், கொஞ்சம் நகருங்க, வெளிச்சத்த மறைக்கிறீங்க" என்றார். நகர்ந்துகொண்டேன்.

மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்குத் தங்கை பல் மருத்துவரிடம் போனாள். அதன் பிறகு நான், ஜன்னலுக்கு அடிக்க வாங்கிவைத்திருந்த எனாமல் வெள்ளையைத் திறந்து, நான்கு அங்குலப் பிரஷ்ஷால் அவளுடைய ஒரு படத்தின் மேல் முழுக்க அடித்தேன். ஓரங்களில் வழியாமல் சுத்தமாக அடித்தேன். காயும் முன்பே அதன்மேல் இரண்டாவது பூச்சும் கொடுத்தேன். பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் திரும்பி வந்தாள். கன்னம் வீங்கியிருந்தது.

"எந்த வெள்ளைண்ணே?"

"ஜன்னலுக்கு வாங்கினது."

"அப்ப துடைச்சாலும் வராது" என்று சொல்லி முக்காலியில் உட்கார்ந்தாள். அழவில்லை. நான் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

புகார் கொடுத்தது கண்காட்சி நடத்துகிறவர். தங்கை தன் வாக்குமூலத்தில், "அண்ணனுக்குக் கண்ணு சரியில்ல. பழைய பலகைன்னு நெனச்சு அடிச்சிட்டாரு" என்று சொல்லியிருப்பதாகக் காவல் ஆய்வாளர் எனக்குப் படித்துக் காட்டினார். "அப்படியே எழுதிக்கலாமா மாஸ்டர்? இதோட முடிஞ்சிடும்" என்றும் கேட்டார். வேண்டாம் என்றேன். என் கண்ணில் குறை எதுவும் இல்லை. கூடத்தில் ஏழு படங்கள் இருந்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் போய் நின்று பார்த்தேன். ஒன்றின் முன்னால் மட்டும் அரை மணி நேரத்துக்கும் மேல் நின்றேன். முப்பத்தொரு ஆண்டுகளில் அப்படி ஒன்றை நான் போட்டதில்லை, இனியும் போடமாட்டேன் என்று தெரிந்த பிறகுதான், அதைத் தேர்ந்தெடுத்து அடித்தேன்.

நான் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறது. படித்துக் காட்டக் கேட்டேன். தவறுதலாக என்ற சொல் எங்கும் இல்லை என்பதைச் சரிபார்த்துக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)