நாற்பத்திரண்டாவது வரிசை

ஊர் எவ்வளவு தூரம்? கிலோமீட்டர் கணக்கா? டொராண்டோவிலிருந்து சென்னைக்குப் பதின்மூவாயிரத்துச் சொச்சம். ஆனால் அந்தத் தூரத்தை ஒருத்தி எப்படிக் கடந்தாள் என்று கேட்டால்... தோழிகளே, அதற்கு நான் சிந்துஜாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சின்னக் கதைதான்.

சிந்துஜா நம் கல்லூரியில், இதே விடுதியில் இருந்து படித்தவள். டொராண்டோவில் வேலை. அப்பா அம்மா இல்லை. அண்ணன் முகுந்தன் மட்டும். அவனுக்குப் பல்லாவரத்தில் கல்யாணம். தாலியின் முதல் முடிச்சு அவன் போடுவான். மற்ற இரண்டும் நாத்தனார் போட வேண்டும்.

"நீ வந்து போடு. வேற யாரையும் விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டான்.

துபாயில் விமானம் மாறினாள். மணல்காற்று. மூன்று மணி நேரம் தாமதம். சென்னையில் இறங்கியபோது ஒன்பது மணி. முகூர்த்தம் பத்தரையோடு முடிகிறது. அவள் இருக்கை எங்கே? நாற்பத்திரண்டாவது வரிசை. கடைசி.

விமானம் நின்றதும் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? ஆமாம்... எல்லோரும் எழுந்துவிட்டார்கள். நடைபாதை முழுக்க ஆள், பை, பெட்டி.

பக்கத்து இருக்கையில் செல்லமுத்து. விழுப்புரத்துக்காரர். துபாயில் லாரி ஓட்டுபவர்.

"ஏம்மா அழுவுற?"

"அண்ணனுக்குக் கல்யாணம்ணே. நான்தான் முடிச்சு போடணும். பத்தரை வரைக்கும்தான் முகூர்த்தம்."

அவர் இருக்கைமேல் ஏறி நின்றார்.

"யோவ்! எல்லாரும் உக்காருங்கய்யா! இந்தப் பொண்ணு நாத்தனார் முடிச்சு போடப் போவுது. மணி ஆச்சு. வழி விடுங்க!"

முன்னாலிருந்து ஒரு குரல்: "நாத்தனாருக்கு இப்பவே இவ்ளோ அதிகாரமா? கல்யாணப் பொண்ணு பாவம்யா!"

விமானமே சிரித்தது. சிரித்துக்கொண்டே... உட்கார்ந்தது. வரிசை வரிசையாக. நாற்பத்தொன்று. நாற்பது. முப்பத்தொன்பது.

நடைபாதை காலியாக இருந்தது. ஓடினாள்.

"கெட்டியா போடும்மா!" என்றார் யாரோ.

பத்து இருபதுக்கு மண்டபம். போட்டாள். கெட்டியாகத்தான்.

உட்கார்ந்தவர்கள் யார்? கொத்தனார், சமையல்காரர், டிரைவர். வெளியே அவர்களுக்கும் ஆட்கள் காத்திருந்தார்கள். செல்லமுத்துவின் மகளுக்கு இரண்டரை வயது. அவர் அவளை இன்னும் தொட்டதே இல்லை. அதை வழியில் அவரே சொல்லியிருந்தார்... சொல்லிவிட்டு, சிந்துஜாவுக்காக உட்கார்ந்தார்.

பதின்மூவாயிரம் கிலோமீட்டரை விமானம் கடந்தது. கடைசி ஐம்பது மீட்டரை? அதை அவர்கள் கொடுத்தார்கள்.

நாளை பட்டம் வாங்கப் போகிறீர்கள். சொந்தக் காலில் வந்தோம் என்று தோன்றும். தோன்றட்டும். ஆனால் யோசித்துப் பாருங்கள்... உங்களுக்கு முன்னால் நடைபாதை ஏன் காலியாக இருந்தது? யார் உட்கார்ந்தார்கள்? படிப்பை நிறுத்திக்கொண்ட அக்காவா? ஊருக்கே வராமல் வேலை பார்த்த அப்பாவா? பெயர் தெரிந்தால் இன்றே போன் பண்ணுங்கள். தெரியாவிட்டால்...

சிந்துஜாவுக்கும் அந்த முகங்கள் தெரியாது. திரும்பிப் போய் டொராண்டோவில் இறங்கியபோது எல்லோரும் எழுந்தார்கள். அவள் கடைசி ஆள் போகும்வரை பெல்ட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.