தாலிக்கொடியில் ஆந்தை

— ஆந்தையோ? என்ரை கழுத்திலை ஆந்தையோ, நவரட்ணம் அண்ணை?

— இன்னும் அண்ணையோ! தாலி கட்டக் கேட்டு வந்து நிக்கிறன், ராசேஸ். கொஞ்சம் இரக்கம் காட்டும்.

— மெல்லமாய்க் கதையுங்கோ. கோப்பிக் கடை முழுக்க எங்கட சனம். பின்னேரத்துக்கிடையிலை ஸ்காபரோவே கலியாணச் சாப்பாடு எப்பவெண்டு கேக்கும்.

— கேக்கட்டும்! மிசிசாகா நாணயச் சந்தையிலை ஒரு பட்டாளத்தையே இடிச்சுத் தள்ளிப்போட்டு எடுத்தனான். அலெக்சாந்தர் வந்திருந்தால் அவரையும் தள்ளியிருப்பன். பழைய கிரேக்க காலத்து ஏதென்ஸ் வெள்ளிக் காசு! ஆந்தையின்ரை கண்ணைப் பாரும், எவ்வளவு பெரிசு. உம்மைக் கண்ட நாளிலையிருந்து என்ரை கண்ணும் உப்பிடித்தான்.

— போங்கோ! தாலிக்கு ரெண்டு பக்கமும் பவுண் காசெல்லோ கோக்கிறது.

— அந்தப் பவுணிலை இங்கிலாந்து ராணியின்ரை தலை. அவ என்ன, எங்கட மாமியோ? அவவைத் தொங்கவிடலாம், ஆந்தை கூடாதோ? அங்கை ஆந்தையெண்டால் அறிவு. பக்கத்திலை ஒலிவ் இலையும் இருக்கு, பாரும்.

— எங்கட சனத்துக்கு ஆந்தையெண்டால் சாவு. மிதுனன் ஏற்கனவே, “அம்மா, இந்த வயசிலை என்ன கூத்து” எண்டு முகத்தைத் தூக்கிக்கொண்டு திரியிறான். பெத்த பிள்ளைக்கு நல்ல சாட்டுக் குடுக்கிறியள். சரி, மற்றக் காசு எங்கை?

— அதை விடும்.

— காட்டுங்கோ.

— ஆமை.

— ஐயோ கடவுளே! ஆந்தை ஒண்டு, ஆமை ஒண்டு. வேறை கெட்ட சகுனம் ஒண்டும் கடையிலை இருக்கேல்லையோ?

— ஏஜினாத் தீவின்ரை கடலாமை, ராசேஸ்! கப்பல்காரச் சனத்தின்ரை அடையாளம். உதைக் கண்டால் அந்தக் காலத்திலை அலையே எழும்பி நிண்டு வழி விடும்!

— அலை விடும், என்ரை மச்சாள்மார் விடமாட்டினம். ஆந்தையின்ரை மற்றப் பக்கம் ஒரு பொம்பிளை. தலையிலை என்ன, ஹெல்மெற்றோ?

— அதீனா. எங்கட சரஸ்வதியும் காளியும் சேந்தமாதிரி.

— புருசன் ஆர்?

— அவ… கட்டேல்லை.

— என்ன?

— கடைசி வரைக்கும் கலியாணமே வேண்டாமெண்டு இருந்தவ.

— அவவைப் போய்த் தாலிக்குக் கொண்டந்த ஒரே ஆம்பிளை உலகத்திலை நீங்கள்தான்!

— கண்ணாலை தண்ணி வரச் சிரிக்கிறீர். அப்ப மாட்டீர், என்ன? சரி. ஓட்டை போட வேண்டாமெண்டு நகைக்கடைக்காரனுக்குச் சொல்லிவிடுறன்.

— வடிவாச் சொல்லுங்கோ. இவ்வளவு பழைய காசிலை ஓட்டை போட்டால் உங்களோடை கதைக்கமாட்டன். எனக்குத் தாலியும் வேண்டாம், கொடியும் வேண்டாம். வியாழக்கிழமை காலமை சிற்றி ஹோலிலை எங்கட பதிவுக் கலியாணத்துக்கு நான் மண்டபம் பதிஞ்சு ஒரு கிழமையாச்சு. நல்ல சேட்டாப் போட்டுக்கொண்டு வாங்கோ, மாப்பிளை.