பின்னாலிருந்து படிக்கிற புத்தகம்

துறைமுகத்தில் மூட்டையைத் தோளில் சுமந்த காலம் அது. எண்ணூர் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு சுமைக்காரர்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர் மடியில் ஒரு ஜப்பான் படக்கதைப் புத்தகம். அதில் இரண்டு பேர் சதுரங்கம் மாதிரி ஓர் ஆட்டம் ஆடினார்கள்.

"மாமு, இத்த பின்னாலேர்ந்து படிக்கணுமாம். கப்பல்காரன் இன்னிக்கு சொல்றான்."

"அதுக்கு இன்னா இப்போ?"

"இந்தப் படத்தப் பாத்துதான் நானும் தம்பியும் ஆட்டம் கத்துகினோம். வெட்டுன காய நம்ம காயா திரும்ப எறக்கலாம்னு அவன் சொன்னான். செத்த காய் எப்டிடா வரும், திருட்டுப் பயலேன்னு பலகைய எட்டி ஒதச்சேன்."

"அவன் சொன்னது சரியா?"

"சரிதான். நான் முன்னாலேர்ந்து பாத்தேன். காய வைக்கிறது எனக்கு எடுக்குறதா தெரிஞ்சிது."

"அப்பால அவங்கிட்ட பேசலியா?"

"எங்க பேசினேன். அடுத்த வாரம் கப்பல்ல மூட்ட மேல சரிஞ்சி போய்ட்டான்."



"கல்லறைக்குப் போயி ஒரு வார்த்த சொல்லிட்டு வா, நைனா."

"யாருகிட்ட சொல்றது? அவன் இன்னா காயா, திரும்பி வர்றதுக்கு?"