ஆறரை மணி மீன்

— ஏம்ப்பா வேணுகோபால், இந்தக் கேபிள் டிவியை நடத்தறது நீயா, உன் கம்ப்யூட்டரா?

— கம்ப்யூட்டர்தான் சாமி. நான் வயர் இழுக்கறவன். உங்க உபந்யாசத்த நிறுத்தச் சொன்னது நானில்ல, அல்காரிதம்.

— அலங்காரமா? எந்தக் கோயில்ல?

— அலங்காரமில்ல சாமி, அல்காரிதம். ஊர்ல சில வூட்ல டப்பா வச்சு, யாரு எத்தப் பாத்துக்கினு இருக்காங்கன்னு எண்ணும். நெறைய பேர் பாக்கறத நெறையப் போடும். மெட்ராஸ்ல என் மச்சான் எழுதினது.

— இந்த தேசிகன் டிவில வர சாயங்காலம் ஆறரை மணிக்கு அது என்னத்தைப் போடச் சொல்றது?

— மீனு.

— என்னது?

— ரெண்டாவது சேனல்ல ஒண்ணும் இல்லாதப்போ ஆபீஸ் மீன்தொட்டி முன்னாடி கேமராவ வச்சுட்டு டீ குடிக்கப் போவோமே, அது.

— ஆறு வருஷமா தினம் காலம்பற இங்க வந்து பாற்கடலைப் பத்திப் பேசிப் பதிவு பண்ணிட்டுப் போறேன். அதுக்கு பதிலா கண்ணாடித் தொட்டியா?

— அதுலயும் தண்ணி, இதுலயும் தண்ணி. இதுல அலை கண்ணுக்குத் தெரியுது.

— கல்யாண வீட்டுல 'டிவி தேசிகன் வந்துட்டார்'னு எழுந்து நிக்கறா. நீ நிறுத்திட்டா நான் வெறும் தேசிகன். யாருய்யா பாக்கறா அந்த மீனை?

— பிள்ளையார்பாளையத்துல தறி வூடு பூரா. சீரியல் ஓடுனா கண்ணு அங்க போவுது, சேலையில அன்னம் கோணிக்குது. பாட்டு போட்டா காலு தாளம் போட்டு மிதி தப்புது. மீனு ஒண்ணும் கேக்காது. டிவில அது இந்தாண்ட போவுது, தறியில நூல் ஓட்டற நாடா அந்தாண்ட போவுது. அங்க தறி நெய்யற காமாட்சியம்மா என்னா சொல்லுது தெரியுமா? "பாத்துக்கினே இரு வேணு, ஒருநாள் அந்தப் பாசிக்கடியில அத்திவரதர் படுத்துக்கினு இருக்கறது தெரியும்"ங்குது. டிவிக்குக் கற்பூரம் வேற.

— அபசாரம்! குளத்துல இருக்கற பெருமாளை உன் தொட்டியில தேடறாளா?

— தேடல சாமி. காத்துக்கினு இருக்குது.

— எண்ணற டப்பாவைத் தறி வீட்டுல வச்சா அப்படித்தான் சொல்லும். சின்ன காஞ்சிபுரத்துல, நாலெழுத்து படிச்சவா ஆத்துல வச்சுப் பாரு!

— வச்சேனே. உங்க வூட்லயே. டிவி மேல, சாம்பல் கலர்ல. யாரு பாக்க உக்காந்தாலும் அவங்க பட்டன அமுக்கணும். உங்களுக்கு ஒண்ணு, உங்க வூட்டம்மாவுக்கு ரெண்டு.

— நான் தவறாம அமுக்கறேன். விஞ்ஞானத்துக்கு நம்மாலானதைச் செய்யணுமோல்லியோ.

— அதான் சாமி… அந்த டப்பாவும் ஆறரைக்கு மீன்னுதான் சொல்லுது.

— அம்ருதவல்லி! அவளேதான். நான் வாயைத் திறந்தாலே அவளுக்கு அடுப்பு ஞாபகம் வந்துடும்.

— அம்மா அந்நேரம் கோயிலுக்குப் போயிடறாங்க. ரெண்டாம் பட்டன் அமுங்கறதே இல்ல.

— பின்னே?

— ஒண்ணு.

— டப்பா பழுதோ என்னமோ.

— நீங்களாவது உங்களப் பாத்திருந்தா ஒரு ஓட்டு விழுந்திருக்கும் சாமி.

— வேணு, அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்து… வால் கிழிஞ்ச அந்த ஆரஞ்சுக் குட்டி, நாலு நாளா கண்ணுல படலியே. சௌக்யமா இருக்கோ?