திறந்தே கிடந்த இணைப்புகள்

பேனாவை மூடாமல் வைக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. திறந்து கிடப்பது எதுவானாலும் கண்ணை உறுத்தும். நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது, இன்ஸ்பெக்டர் சார்.

குளிர்பதனக் கிடங்கில் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வாங்கித் தந்தவர் அக்காவின் கணவர், அங்கே மேலாளர். பேசிக்கொண்டே என் பேனாவை எடுத்து, மூடியைக் காதுக்குள் விட்டுக் குடைவார். வெளியே எடுத்து மோந்து பார்ப்பார். பிறகு பேனாவை மூடி என் கையிலேயே கொடுப்பார். அவர் வாய் வைத்த டம்ளரில் அக்காவும் குடிப்பாள். அந்த வீட்டில் நான் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டது அக்காவுக்காகத்தான்.

அந்தச் சனிக்கிழமை காலையிலிருந்து மெயில் வரவில்லை.

"என்ன மச்சினிச்சி, உன் மிஷினுக்கு மலச்சிக்கலா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். சிரித்தார்கள்.

"பாக்குறேன் மாமா."

"பாத்துக்கிட்டே இரு. சம்பளம் மட்டும் டாண்ணு வந்துடும்."

கோளாறு சின்னதுதான். ஊழியர்களின் போன்கள் சர்வரோடு பேசி முடித்த பிறகும் இணைப்பை விடுவதில்லை, ரிசீவரைக் கீழே வைக்காமல் எழுந்து போகிறவர்களைப் போல. எல்லா இணைப்பும் இப்படிப் பிடிபட்டால் புது மெயில் நுழைய வழியில்லை. சும்மா கிடக்கும் இணைப்பை எவ்வளவு நேரம் பொறுத்துக்கொள்வது என்று சர்வரில் ஒரு வரி உண்டு. டீ வருவதற்குள் அதைக் குறைத்தேன். மெயில் ஓடத் தொடங்கியது. சொல்லப் போனேன். என் பேனா மூடி அவர் காதில் இருந்தது.

திரும்பி வந்து அதே வரியை நாள் கணக்கில் கூட்டினேன். மிச்சமிருந்த இணைப்புகளை என் கம்ப்யூட்டரிலிருந்தே திறந்து, அப்படியே விட்டேன்.

சரக்கை உறைய வைக்கும் உறை அறைக்குள் போன் எடுக்காது. உள்பக்கக் கைப்பிடி உடைந்து வெகுநாள். "அடுத்த மாசம் மாத்திக்கலாம், அதான் பட்டன் இருக்கே" என்று தள்ளிப்போட்டவர் அவர்தான். உள்ளே இருக்கும் அந்த அவசரப் பட்டனை அழுத்தினால் காவலாளிக்கும் எனக்கும் மெயில் வரும். வேறெதுவும் நடக்காது.

மதியம் எல்லோரும் கிளம்பிய பிறகு அவர் சரக்குப் பார்க்க உள்ளே போனார். கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க வழக்கம்போல் ஒரு பிளாஸ்டிக் பெட்டியை இடுக்கில் வைத்திருந்தார். அதன் மேல் சளியைத் துப்பியிருந்தார். கையால் தொட முடியவில்லை, காலால் நகர்த்தினேன். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். "மாமா இன்னும் வரலடி. அங்கதான் இருக்காரா?"

"வெளியூர் போறேன்னு அப்பவே கிளம்பிட்டாருக்கா. உன்கிட்ட சொல்லலையா?"

திங்கட்கிழமை, உறை அறைக் கதவைத் திறப்பதற்கு முன்பே, இணைப்புகளை மூடினேன். காத்திருந்த மெயில்கள் வந்து விழுந்தன. எல்லாவற்றிலும் ஒரே வரி: உறை அறையில் ஆள். திரை கீழே போய்க்கொண்டே இருந்தது. எதையும் அளவாகச் செய்ய அவருக்குத் தெரியாது. காவலாளிக்கு வந்ததையும் சேர்த்து அழித்தேன்.

அவர்மேல் எனக்குப் பகை இல்லை. அக்கா இனிமேலாவது சுத்தமாக இருக்கட்டும் என்றுதான் செய்தேன். செய்தி கேட்டு ஓடி வந்தவள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். கண்ணீரும் மூக்குநீரும் தோளில் ஊறின.

வீட்டுக்குப் போனதும் அந்தச் சட்டையை எரித்துவிட்டேன்.