லேசருக்கு வைத்த பொட்டு

என் பெயர் அச்யுத். வயது 27. தகப்பனார் பெயர் நரசிம்மன். மேற்கு மாம்பலத்தில் பெற்றோருடன் குடியிருக்கிறேன். பி.இ. எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, கண் மருத்துவமனைகளுக்கு லேசர் மிஷின் விற்கும் கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினியராக இருக்கிறேன். என்னை யாரும் சாட்சி சொல்ல அழைக்கவில்லை. நானாக வந்து சொல்கிறேன்.

ஆழ்வார்பேட்டையில் டாக்டர் சுந்தரராமன் நடத்தும் கண் மருத்துவமனையின் ஆர்கான் லேசர் மிஷினை நான்தான் பராமரித்து வருகிறேன். சர்க்கரை வியாதியால் விழித்திரையில் இரத்தம் கசிகிறவர்களுக்குப் பச்சை ஒளியால் சுட்டுக் கசிவை அடைக்கும் மிஷின் அது. அதை இயக்கும் டெக்னீஷியன் செந்தில்குமார். இந்த 1997-ஆம் வருட விஜயதசமியன்று காலையில், முதல் நோயாளியை உட்கார வைத்து டாக்டர் மிதியை அழுத்தியதும் பட்டென்று சத்தம் வந்து கருகல் வாடை அடித்தது. டாக்டர் உடனே காலை எடுத்துவிட்டதால் நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒளி வெளியே வரும் முன்பக்க லென்ஸ் விரிசல் விட்டிருந்தது. அதன் பிறகு, செந்தில்குமார் வேண்டுமென்றே மிஷினைக் கெடுத்ததாக மருத்துவமனை மேலாளர் புகார் கொடுத்து, நேற்று மாலை முதல் அவர் இந்தக் காவல் நிலையத்தில் இருக்கிறார்.

புகாரில் இரண்டு காரணம் சொல்லியிருக்கிறது. ஒன்று, பூஜைக்கு முந்தின வாரம் லீவு கேட்டபோது, மிஷின் ஓடுகிற நாளில் லீவு கிடையாது என்று மேலாளர் சொல்ல, "அப்போ மிஷினு படுத்துக்கினா லீவு குடுப்பியா?" என்று செந்தில்குமார் எல்லோர் முன்னிலையிலும் கேட்டது. இரண்டு, விஜயதசமி காலையில் அவர் தனியாக லேசர் அறையில் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்ததை மேலாளரே பார்த்தது. இரண்டும் நடந்தவைதான். நான் மறுக்க வரவில்லை.

மேலே போகும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது கிளப்பி, மறைத்துவிட்டான் என்று சொல்ல வேண்டாம். செந்தில்குமாருக்கு நான் கடமைப்பட்டவன். இரண்டு வருடங்களுக்கு முன் அதே அறையில் சர்வீஸ் செய்துகொண்டிருந்தபோது ஓரத்தில் ஏதோ மின்னியது. எங்கோ வயர் லூஸ் என்று நினைத்து மூடியைக் கழற்றினேன். மறுபடி மின்னியது. மறுபடி கழற்றினேன். செந்தில்குமார் சுவரைக் காட்டி, "சார், பிளக்கே குத்தல. மின்னுறது மிஷின்ல இல்ல, உங்க கண்ணுல" என்றார். எனக்கு வேலை இருக்கிறது, பிறகு பார்க்கலாம் என்றேன். அவர் என் ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "டாக்டராண்ட காட்டினாத்தான் தருவேன்" என்றார். டாக்டர் பார்த்ததில் வலது விழித்திரையில் கிழிசல் இருந்தது. அன்றைக்கே அதே மிஷினில் கிழிசலைச் சுற்றிச் சுட்டு ஒட்டவைத்தார். சுடும்போது நான் தலையை ஆட்டாமல் இருக்க, பின்னாலிருந்து பிடித்துக்கொண்டவர் செந்தில்குமார். இன்று அந்தக் கண் தெரிகிறது. இது என் நன்றி. ஆனால் கருகின லென்ஸுக்கு நன்றி விசுவாசம் கிடையாது. அது என்ன சொல்கிறதோ அதைத்தான் சொல்கிறேன்.

இன்று காலை மேலாளர் அழைத்ததன் பேரில் போய் மிஷினைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு திருகுகூடத் தொடப்படவில்லை. கெடுக்க நினைக்கிற டெக்னீஷியன் உள்ளே ஒளியை உண்டாக்கும் டியூபில் கை வைப்பான், வெளி லென்ஸில் அல்ல. லென்ஸின் நடுவில் கருகல், கருகலைச் சுற்றி மெல்லிய சிவப்புப் படலம். பஞ்சால் எடுத்துப் பார்த்தேன். குங்குமம். பச்சை ஒளியைச் சிவப்புப் பொருள் விழுங்கிச் சூடாகும். கண்ணில் கசியும் இரத்தம் சுடப்படுவதும் அப்படித்தான். இடம் பார்த்துக் குறிவைக்கும் விளக்கு சிவப்பு என்பதால் அது சிவப்புப் படலத்தைத் தாண்டிப் போயிருக்கிறது, டாக்டருக்குச் சந்தேகம் வரவில்லை. பச்சை வந்ததும் லென்ஸ் போய்விட்டது.

ஆயுத பூஜைக்கு வருடா வருடம் மிஷினுக்குப் பொட்டு வைப்பவர் செந்தில்குமார். அவர் கீழே இருக்கும் இரும்புப் பெட்டியில்தான் வைப்பார். இந்த வருடமும் அங்கே சந்தனம் இருந்தது. அப்படியானால் லென்ஸில் வைத்தது யார் என்று நர்ஸ் ஆரோக்கியமேரியிடம் கேட்டேன். பூஜையன்று பழைய நோயாளி பொன்மணி தேங்காய், பழத்துடன் வந்து மிஷினைக் கும்பிட்டுவிட்டுப் போனதாகச் சொன்னார். பொன்மணி சைதாப்பேட்டை மார்க்கெட்டில் கருவாடு விற்பவர். போன மாதம் அந்த மிஷினில் வலது கண்ணுக்கு லேசர் செய்துகொண்டவர். இடது கண்ணுக்கு இன்னும் செய்யவில்லை.

அதன் பிறகு நான் ஸ்கூட்டரில் மார்க்கெட்டுக்குப் போய்ப் பொன்மணியைக் கண்டுபிடித்துக் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை.

"ஆமா சார், நான்தான் வெச்சேன். கண்ணு குடுத்த சாமி அது. செந்திலு தம்பி போயி அதுக்கு இடுப்பாண்ட சந்தனம் பூசி வெச்சிகீது. மூஞ்சில ஒரு பொட்டு வாணாவா?"

"அது மூஞ்சி இல்லைம்மா, லென்ஸ். அதுல கை வைக்கலாமா?" என்று சத்தம் போட்டேன்.

"அது வழியாத்தானே சார் என்னைப் பாத்துச்சு?" என்றார்.

செந்தில்குமார் காவல் நிலையத்தில் இருப்பதைச் சொன்னதும் கருவாட்டுக் கூடையைப் பக்கத்துக் கடையில் ஒப்படைத்துவிட்டு, "வண்டிய எடு சார்" என்று பின்னால் ஏறிக்கொண்டார்.

நிலையத்தில் அவரைப் பார்த்ததும் செந்தில்குமார், "யக்கா, நீ இன்னாத்துக்கு வந்த? நான்தான் வாயே தொறக்கலியே" என்று கோபப்பட்டார். அதற்குப் பொன்மணி, "நீ தொறக்காம இங்க குந்திக்கினு இருந்தா, என் மறு கண்ணுக்கு எவன்டா தலையப் புடிச்சிக்குவான்?" என்றார். உதவி ஆய்வாளர் முருகையன் இதைக் கேட்டார்.

நேற்றே ஏன் சொல்லவில்லை என்று செந்தில்குமாரைக் கேட்டேன். விஜயதசமி காலையில் லென்ஸில் பொட்டைப் பார்த்ததாகவும், இந்த அக்கா வேலைதான் என்று தெரிந்து, அவசரத்தில் உலர்ந்த பஞ்சால் துடைத்ததாகவும் சொன்னார். "மிஷினு கெட்டது இந்தக்காவாலன்னு தெரிஞ்சா இடது கண்ணுக்குப் பாக்கமாட்டேன்னுட்டா இன்னா சார் பண்றது?" என்றார். உலர்ந்த பஞ்சால் துடைத்தது தவறு; அது பொடியை எடுக்காது, லென்ஸ் முழுக்கத் தேய்த்துப் பரப்பிவிடும். அதை அவரிடமே சொல்லிவிட்டேன். அதைத் தவறு என்று எழுதிக்கொள்ளலாம். சதி என்று எழுத முடியாது.

அதன் பிறகு நிலையத்துத் தொலைபேசியிலிருந்து டாக்டர் சுந்தரராமனிடம் நடந்ததைச் சொன்னேன். அவர், "பொன்மணியை நாளைக்கே வரச் சொல்லுப்பா, முதல் ஆளா. குங்குமம் மட்டும் வேண்டாம்னு சொல்லு" என்றார். புகாரைத் திரும்பப் பெறத் தானே நேரில் வருவதாகவும் சொன்னார். பொன்மணி பேரில் நடவடிக்கை உண்டா என்று உதவி ஆய்வாளரைக் கேட்டேன். "பொட்டு வெச்சதுக்கு எந்த செக்ஷன் போடச் சொல்றீங்க?" என்றார்.

மாற்று லென்ஸ் எங்கள் தி.நகர் அலுவலகத்தில் இருக்கிறது. இன்று மாலைக்குள் பொருத்திவிடுவேன். நாளைக் காலை பொன்மணியின் தலையைப் பிடித்துக்கொள்ளச் செந்தில்குமார் அங்கே இருக்க வேண்டும். இதுதான் நான் கேட்பது. வாக்குமூலத்தில் நன்றியெல்லாம் எழுதுவதில்லை என்று உதவி ஆய்வாளர் சொன்னார். நடந்ததில் அதுவும் ஒன்று என்பதால் எழுதச் சொன்னேன். எழுதியதை வாங்கி நானே படித்துப் பார்த்தேன். நான் சொன்னதுதான் இருக்கிறது. கூட்டவோ குறைக்கவோ ஒன்றும் இல்லை.

(ஒப்பம்) ந. அச்யுத்

என்னால் பதிவு செய்யப்பட்டது. டாக்டர் சுந்தரராமன் நேரில் வந்து புகாரைத் திரும்பப் பெற்றார். செந்தில்குமார் அனுப்பப்பட்டார். பொன்மணியும் உடன் சென்றார்.

(ஒப்பம்) முருகையன், காவல் உதவி ஆய்வாளர்